உறுத்தாத மீட்டர்கள் – ஒரு செய்முறைப் பாடம்

– மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை, மதகடிப்பட்டு



எஞ்சினைப் பிரித்து மாட்டுவதில் நமக்கு இருக்கும் ஆர்வம் டேஷ்போர்டின் மீது இருப்பதில்லை. அது ஏதோ அலங்காரப் பொருள், அதில் நமக்கு வேலை இல்லை என்று நினைத்துக் கொள்கிறோம். ஆனால் ஓடும் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுநருக்குச் சொல்லும் ஒரே வாய் அந்த டேஷ்போர்டுதான். அந்த வாய் சில கார்களில் பாதிதான் பேசும். மீதியைப் பேச வைக்க நாம் கூடுதல் மீட்டர் பொருத்துகிறோம். அதைக் கண்ணுக்கு உறுத்தாமல், வண்டியின் முகம் கெடாமல், ஒரு துளை கூடப் போடாமல் பொருத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடும் என் மாமாவின் மாருதி 800 காரில் நானே செய்த வேலையை எடுத்துக்காட்டாக வைத்துக் கொண்டு எழுதுகிறேன்.

கூடுதல் மீட்டர் எதற்கு?

மாருதி 800 நம் நாட்டில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன பின்பும் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் ஓடிக் கொண்டிருக்கும் வண்டி இது. இதன் டேஷ்போர்டில் வேகம் காட்டும் முள் ஒன்று, பெட்ரோல் முள் ஒன்று, சூடு காட்டும் முள் ஒன்று. ஆயில் அழுத்தத்துக்கும் பேட்டரி சார்ஜுக்கும் முள் இல்லை. சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு.

விளக்கு போதாதா என்று கேட்கலாம். ஆயில் விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச், அழுத்தம் ஏறக்குறைய அரைக் கிலோவுக்கும் கீழே (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) இறங்கிய பிறகுதான் வேலை செய்கிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் சாலையில் ஓடும்போது 3 முதல் 4 கிலோ வரை காட்டும். 4-லிருந்து 1 வரை இறங்கினாலும் விளக்கு வாயைத் திறக்காது. அது எரியும்போது பேரிங்கில் ஆயில் படலம் ஏற்கெனவே கிழிந்து போயிருக்கலாம். அதாவது விளக்கு சொல்வது செய்தி அல்ல, துக்கச் செய்தி.

சூடு காட்டும் முள்ளிலும் ஒரு குறை உண்டு. அதில் எண் கிடையாது; குளிர், சூடு என்று இரண்டு எல்லைக்கோடுகள் மட்டும்தான். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சூட்டை உணரும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுதும் கொட்டி விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது. காற்று, தண்ணீரைப் போல வெப்பத்தைக் கொண்டு வந்து சேர்ப்பதில்லை. எஞ்சின் எரிந்து கொண்டிருக்கும். முள் இறங்கிக் கொண்டிருக்கும்! ஓட்டுநர் "பரவாயில்ல, சூடு கொறஞ்சிடுச்சி" என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பார். அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், வண்டி ஓரமாக நிற்கும்.

ஆகவே ஒரு மீட்டரை இன்னொரு மீட்டர் சாட்சி சொல்லித் தாங்க வேண்டும். கூடுதல் மீட்டர் பொருத்துவதற்கு இதுவே காரணம்; அழகுக்காக அல்ல.

கொஞ்சம் வரலாறு

ஆயில் அழுத்த மீட்டரின் மூலவர் பிரெஞ்சுக்காரரான யூஜின் பூர்தோன். வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவை முள்ளோடு இணைத்தால் அழுத்தம் தெரியும். 1849-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் காற்றடிக்கும் கடையில் கம்ப்ரசர் மேல் இருப்பது பூர்தோன் குழாய்தான்.

கார்களில் சூடு காட்டும் கருவி முதலில் வெளியேதான் இருந்தது. 1910-களில் அமெரிக்காவில் பரவிய 'பாய்ஸ் மோட்டோமீட்டர்' ரேடியேட்டர் மூடியின் உச்சியில், ஊரே பார்க்கும்படி நின்றது. ஓட்டுநர் முன்கண்ணாடி வழியே அதைப் பார்த்துக் கொள்வார். பிறகுதான் அது டேஷ்போர்டுக்குள் வந்தது. நம் நாட்டு வண்டிகளுக்கு மீட்டர் செய்யும் தொழிற்சாலையும் நமக்குத் தொலைவில் இல்லை. கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் 1975-இல் பணி தொடங்கிய பிரிக்கால் நிறுவனத்தின் மீட்டர்கள் இந்திய இருசக்கர வண்டிகளிலும் கார்களிலும் லட்சக்கணக்கில் ஓடுகின்றன.

எப்படிச் செய்யக் கூடாது?

என் மாமா முதலில் நகரத்தில் ஒரு கடையில் மீட்டர் பொருத்தி வந்தார். டேஷ்போர்டின் தலையில் நான்கு ஸ்க்ரூ அடித்து, பளபள வளையத்தோடு மூன்று மீட்டர்களை நிற்க வைத்திருந்தார்கள். இரவில் அதன் நீல வெளிச்சம் முன்கண்ணாடியில் அப்படியே பிரதிபலித்தது. பின்சீட்டில் உட்காருகிறவர்கள், "இன்னாப்பா அந்த முள்ளு ஏறுது? வண்டி போவுமா?" என்று கேட்டுக் கேட்டே அவருக்கு வெறுத்துப் போய்விட்டது. கல்யாணச் சவாரிக்கு வந்த ஒருவர், "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டு விட்டு வேறு வண்டி பிடித்துக் கொண்டு போனார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஆயில் மீட்டருக்கு எஞ்சினிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நேராக உள்ளே கொண்டு வந்திருந்தார்கள். 90, 100 டிகிரி சூட்டில், 3 கிலோ அழுத்தத்தில் ஆயில் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே வந்து நிற்கிறது! தகட்டுச் சுவரில் போட்ட துளையில் ரப்பர் புஷ் கூட இல்லை. ஆறே மாதத்தில் குழாய் அறுந்து காலடி மேட் முழுக்க ஆயில். நல்ல வேளையாக வண்டி அப்போது வீட்டு வாசலில் நின்று கொண்டிருந்தது.

"மாப்ள, எனக்கு முள்ளு வேணும். ஆனா வண்டியில முள்ளு இருக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியணும். முடியுமா?" என்றார் மாமா.

"முடியும் மாமா. ரெண்டு ஞாயித்துக்கிழமை வண்டிய என்கிட்ட உடுங்க" என்றேன்.

உறுத்தாமை – மூன்று சோதனைகள்

வேலையைத் தொடங்கும் முன் எனக்கு நானே மூன்று சோதனைகள் வகுத்துக் கொண்டேன். நீங்களும் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒன்று, கண் சோதனை: கதவைத் திறந்து பார்க்கும் அந்நியனுக்கு, இது கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது என்று தோன்ற வேண்டும்.

இரண்டு, தழும்புச் சோதனை: நாளை கழற்றி எடுத்தால் டேஷ்போர்டில் ஒரு துளையோ, வெட்டிய வயரோ மிஞ்சக் கூடாது.

மூன்று, இருட்டுச் சோதனை: இரவில் ஓட்டும்போது வெளிச்சம் கண்ணாடியிலும் வரக் கூடாது, கண்ணிலும் குத்தக் கூடாது.

எந்த மீட்டர்?

ஆயில் அழுத்தம், எண் போட்ட டெம்பரேச்சர், வோல்ட் மீட்டர் ஆகிய மூன்று போதும். இதற்கு மேல் வைத்தால் படிக்க நேரமிருக்காது.

ஆம்ப்பியர் மீட்டரை நான் விலக்கினேன். அது தொடர் இணைப்பில் வருவது. பேட்டரிக்குப் போகும் மொத்த மின்னோட்டத்தையும் தடித்த வயரில் டேஷ்போர்டுக்குள் கொண்டு வந்து திரும்பக் கொண்டு போக வேண்டும். எங்காவது உரசினால் தீ. வோல்ட் மீட்டர் பக்க இணைப்பு. மிகச் சிறிய மின்னோட்டமே போதும். சிறிய பியூஸ் போட்டு அடக்கி விடலாம்.

அதே காரணத்தால் ஆயிலுக்கும் மின்சார மீட்டரே நல்லது. சென்சார் எஞ்சினிலேயே நிற்கும். உள்ளே வருவது ஒற்றை வயர். ஆயிலோ, பெட்ரோலோ, கொதிநீரோ எந்தக் குழாயும் மனிதர் உட்காரும் பகுதிக்குள் மீட்டருக்காக வரக் கூடாது. இதை விதியாகவே வைத்துக் கொள்ளுங்கள்.

வளையம் கறுப்பாக, எழுத்து வெள்ளையாக, விளக்கு வண்டியின் பழைய மீட்டர் விளக்கின் நிறத்துக்கு நெருக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். குரோமியம் வேண்டாம்.

எந்த இடம்?

பழைய கார்களில் நாம் பயன்படுத்தத்தக்க காலி இடங்கள் பல. ஆஷ்ட்ரே குழி, வெற்று சுவிட்ச் மூடி, டேப் ரெக்கார்டர் துளை, ஸ்டீரிங்குக்குக் கீழுள்ள சிறு தட்டு. மாமாவின் காரில் கேசட் டேப் பல வருடங்களாகப் பாடவில்லை. ஒற்றை டேப் துளை பெரும்பாலும் ஒரே அளவு; ஏறக்குறைய 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரம். கடையில் கிடைக்கும் மீட்டரின் உடல் விட்டம் 52 மி.மீ. மூன்றை அடுக்கினால் 156 மி.மீ. துளைக்குள் அடங்குகிறது! ஆனால் முன்வளையம் 52-ஐ விடப் பெரிது. அதனால் முகத்தகடு துளைக்கு வெளியே படிந்து உட்கார வேண்டும். கடைக்குப் போகும்போதே ஸ்கேல் எடுத்துக் கொண்டு போய் வளையத்தை அளந்து வாங்குங்கள்.

இந்த இடம் சற்றுத் தாழ்வு. சாலையிலிருந்து கண்ணைக் கீழே இறக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் இந்த மீட்டர்கள் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியவை. அவசரத்துக்குக் கூப்பிட, கண்ணெதிரே கம்பெனியின் சிவப்பு விளக்கு அப்படியே இருக்கிறது. விளக்கு கூப்பிடும், முள் விவரம் சொல்லும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கழற்றி எறியக் கூடாது.

செய்முறை

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால் ஸ்பேனர் பாடியில் படும்போது நேரடி ஷார்ட் ஆகும். சோதிக்கும் நேரத்தில் மட்டும் திரும்ப மாட்டுங்கள்.

2. டேப்பைக் கழற்றி அதன் பின்னால் உள்ள வயர்களைப் பாருங்கள். நமக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். சாவி போட்டால் வரும் மின்சாரம், எப்போதும் வரும் மின்சாரம், பார்க்கிங் விளக்கோடு வரும் மின்சாரம், எர்த். ஆனால் பழைய வண்டியில் எத்தனையோ கை பட்டிருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள். ஒவ்வொன்றையும் சாவி போட்டு, விளக்குப் போட்டுச் சோதித்துச் சீட்டு ஒட்டுங்கள்.

3. முகத்தகட்டை முதலில் அட்டையில் வெட்டுங்கள். அதில் மீட்டரை வைத்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்துக் கொண்டு பாருங்கள். கியர் கம்போ கையோ முள்ளை மறைத்தால் இடம் மாற்றுங்கள். ஓட்டுநர் பக்கம் சிறிது சாயும்படி இடப்பக்க ஓரத்தின் அடியில் மெல்லிய ஆப்பு வைக்கலாம். திருப்தியான பிறகு 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டி, அரத்தால் விளிம்பு தீட்டி, பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். டேப்பைப் பிடித்திருந்த அதே இரும்புக் கூட்டில் இது உட்காரட்டும். புதுத் துளை வேண்டியதில்லை.

4. எஞ்சின் பக்கம் ஆயில் சுவிட்சைக் கழற்றி அங்கே 'டி' இணைப்பு போட்டு, ஒரு கையில் பழைய சுவிட்சும் மறு கையில் புது சென்சாரும் வையுங்கள். இங்கே மிகவும் கவனம் தேவை. ஜப்பானிய வழி எஞ்சின்களில் இந்த மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க அளவில் வரும் சென்சாரில் 27 சுற்று. இரண்டும் எட்டில் ஒரு பங்கு அளவு என்றே கடைக்காரர் சொல்வார். கையால் திருகும்போது இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். "கொஞ்சம் பலமா முறுக்கு" என்று ஸ்பேனர் போட்டால் மரை போகும், அல்லது வெடிக்கும். மரை அளவுச் சீப்பு வைத்துப் பார்த்து, தகுந்த அடாப்டர் வாங்குங்கள்.

5. கனமான சென்சாரைப் பித்தளை 'டி'யில் தொங்க விடாதீர்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினின் நடுக்கத்தில் பித்தளை களைத்து ஒடியும். சிறு ஆயில் ஹோஸ் கொடுத்து, சென்சாரைப் பட்டை வைத்து பாடியில் பிடியுங்கள். அப்போது சென்சாருக்கு எர்த் தனியே கொடுக்க வேண்டும். மரையிலேயே உட்காரும் சென்சாருக்கு மரைதான் எர்த். அதில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால் எர்த் அறுந்து முள் பொய் சொல்லும்.

6. டெம்பரேச்சர் சென்சார் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், எஞ்சின் தண்ணீரில் இருப்பதே சிறப்பு. மேல் ஹோஸை வெட்டி இடைக்குழாய் போட்டால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை அது எதையும் சொல்லாது. வேறு வழியில்லாமல் அங்கே வைத்தால், இருபுறமும் ரப்பர் என்பதால் இடைக்குழாய்க்குத் தனி எர்த் வயர் கட்டாயம்.

7. எஞ்சினிலிருந்து உள்ளே வரும் வயர்களை, தகட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள ரப்பர் புஷ் வழியாகவே கொண்டு வாருங்கள். சைலன்சர் குழாயிலிருந்தும் பேன் பெல்ட்டிலிருந்தும் ஒரு சாண் விலக்கி, கம்பெனி வயர்க்கட்டோடு சேர்த்து உறை போட்டுக் கட்டுங்கள்.

8. இணைப்புகளை முறுக்கி டேப் ஒட்டுவது இணைப்பு ஆகாது. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி அவிழும். லக் அழுத்தி, அல்லது சால்டரிங் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் செய்த இடம் ஆடாமல் பக்கத்திலேயே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் முடியும் இடத்தில் ஒடியும்.

9. மீட்டர் விளக்குகளைப் பார்க்கிங் விளக்கோடு சேருங்கள். வெளிச்சம் அதிகமானால் வாட் குறைந்த பல்பு போடுங்கள்.

10. கடைசியாக, பாடாத அந்த டேப்பின் முகப்பை மட்டும் கழற்றி, உள்ளே குடைந்து, நான்கு மூலையில் சிறு காந்தம் வைத்தேன். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையன்று வண்டியைக் கூட்டத்தில் நிறுத்தும்போது மாமா அதை மூடி விடுவார். பார்ப்பவருக்குப் பழைய டேப். எடுக்கவும் யாருக்கும் மனசு வராது. ஓட்டும்போது கழற்றி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக் கொள்வார்.

சிறு கணக்கு

மூன்று பல்புகள், ஒவ்வொன்றும் 2 வாட் என்று கொள்வோம். மொத்தம் 6 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 0.5 ஆம்ப்பியர். மீட்டர்கள் தாமே ஒவ்வொன்றும் 0.1 ஆம்ப்பியர் இழுக்கும் என்று வைத்தால் 0.3. ஆக மொத்தம் 0.8 ஆம்ப்பியர். எனவே 2 ஆம்ப்பியர் பியூஸ் போதுமானது. "எரிஞ்சிடுது" என்று 10 ஆம்ப்பியர் போடுவது காவல்காரனைத் தூங்க வைப்பதற்குச் சமம். பியூஸ் மீட்டரின் அருகில் அல்ல, மின்சாரம் எடுக்கும் இடத்தின் அருகில் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு கிடையாது.

எர்த் விஷயத்திலும் கணக்கு உண்டு. 1 சதுர மி.மீ. செம்பு வயர் 2 மீட்டர் நீளத்துக்கு மின்தடை ஏறக்குறைய 0.035 ஓம். 0.8 ஆம்ப்பியருக்கு இழப்பு 0.03 வோல்ட்தான், ஒன்றுமில்லை. ஆனால் ஹெட்லைட் போன்ற 10 ஆம்ப்பியர் சுமையோடு நம் எர்த்தைச் சேர்த்துக் கட்டி, அந்த இணைப்பில் துருவினால் 0.05 ஓம் இருந்தால், இழப்பு 0.5 வோல்ட். லைட் போட்டதும் வோல்ட் மீட்டர் அரை வோல்ட் குறைத்துக் காட்டும். நல்ல டைனமோவைக் கெட்டது என்று கழற்றுவோம். ஆகவே மீட்டர்களுக்குத் தனி எர்த்.

முள்ளைப் படிப்பது எப்படி?

வோல்ட்: எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடும்போதும் 12-இல் நின்றால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்துப் போகும்.

சூடு: பெரும்பாலான கார்களில் தெர்மோஸ்டாட் 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கும். அதன் பிறகு முள் நிலையாக நிற்க வேண்டும். 0.9 கிலோ மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்தால் இன்னும் மேலே போகும். 105-ஐத் தாண்டி ஏறிக் கொண்டே போனால் ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

ஆயில்: சூடான எஞ்சின் ஐடிலில் 1 கிலோ அளவும், ஓடும்போது 3, 4 கிலோவும் பொதுக் கணக்கு. ஆனால் பொதுக் கணக்கை விட, உங்கள் வண்டியின் சொந்தக் கணக்கே முக்கியம். மாமாவிடம் ஒரு நோட்டு கொடுத்து, ஒரு மாதம் தினமும் மூன்று முள்ளையும் எழுதச் சொன்னேன். முதலில் சிரித்தார். மாதம் முடிவதற்குள், "விழுப்புரம் ரோட்டுல அம்பதுல போனா மூணரை, சிக்னல்ல நின்னா ஒண்ணே கால்" என்று மனப்பாடமாகச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது.

அந்த நோட்டு என்ன செய்தது?

போன சித்திரை மாதம் ஒரு இரவு, பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவருக்கு மூச்சுத்திணறல். மாமா அவரையும் மகளையும் ஏற்றிக் கொண்டு ஜிப்மருக்குப் புறப்பட்டார். திருபுவனை தாண்டி, வில்லியனூரை நெருங்கும்போது சூடு காட்டும் முள் கொஞ்சம் ஏறி, பிறகு தானாக இறங்கியது. பழைய மாமாவாக இருந்தால் நிம்மதி அடைந்திருப்பார். ஆனால் ஆயில் முள் அதே வேகத்தில் மூன்றரைக்குப் பதிலாக இரண்டுக்கு வந்து, இன்னும் இறங்கிக் கொண்டிருந்தது. ஆயில் சூடேறி இளகினால் அழுத்தம் குறையும் என்பது அவருக்கு நோட்டு சொல்லிக் கொடுத்தது. ஒரு முள் குளிர்ச்சி என்கிறது, ஒரு முள் சூடு என்கிறது. இரண்டில் எது பொய்?

வில்லியனூரில் விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். அங்கிருந்த ஆட்டோவில் பாட்டியையும் மகளையும் ஏற்றி அனுப்பி விட்டுப் பானட்டைத் தூக்கிப் பார்த்தால், கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் சொட்டுக் கூட இல்லை. பாட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். வண்டிக்கு ஒரு ஹோஸும் கூலண்டும்தான் செலவு; ஹெட் வளையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் ஆளில்லாத இருட்டில் எஞ்சின் பிடித்து நின்றிருக்கும். அந்த வண்டிதான் மாமாவின் வீட்டுக்குச் சோறு. பின்சீட்டில் இருந்தது ஓர் உயிர்.

புதிய கார்களில்

இப்போது வரும் கார்களில் இதே முறையை அப்படியே செய்யக் கூடாது. ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கும் பின்னர் கட்டாயமாயிற்று. ஏர்பேக் விரியும் வழியில், அதாவது ஸ்டீரிங் நடுவிலோ, இடப்பக்க டேஷ்போர்டின் மேலோ, திரை ஏர்பேக் உள்ள தூணிலோ மீட்டர் வைத்தால், விபத்தில் அது கல்லாகப் பறந்து வரும். ஏர்பேக் வயர்களைத் தொடவே வேண்டாம்.

ஆனால் ஒரு வசதியும் உண்டு. 2013 ஏப்ரல் முதல் பி.எஸ்.4 கார்களில் இரண்டாம் நிலை ஓ.பி.டி. வந்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள அந்தச் சாக்கெட்டில் சிறு கருவியைச் செருகினால் தண்ணீர்ச் சூடு, பேட்டரி வோல்ட் எல்லாம் எண்ணாகவே வரும். ஒரு வயரும் வெட்ட வேண்டாம். தழும்புச் சோதனையில் முதல் மதிப்பெண் இதற்கே. ஆயில் அழுத்தம் மட்டும் பெரும்பாலான கார்களில் இதில் வராது. அதற்குப் பழைய சென்சார்தான் கதி.

முடிவாக

உறுத்தாமல் செய்வது என்றால் மறைத்துச் செய்வது என்று பொருளல்ல. முகத்தகட்டுக்கு முன்னால் உள்ளதை எல்லோரும் பார்ப்பார்கள். பிழை இருந்தால் யாராவது சொல்வார்கள். பின்னால் உள்ள வயரை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் பின்னால் உள்ள வேலை முன்னால் உள்ளதை விடச் சுத்தமாக இருக்க வேண்டும். நாளை வேறொரு மெக்கானிக் அந்தத் தகட்டைக் கழற்றும்போது, ஒவ்வொரு வயரிலும் சீட்டு, ஒவ்வொரு முனையிலும் லக், பியூஸ் மேல் எண், கூடவே மடித்து வைத்த ஒரு வயரிங் படம் – இவற்றைப் பார்த்து, "யாரோ படிச்ச பையன் செஞ்சிருக்கான்" என்று சொல்ல வேண்டும். நம் டிப்ளமோவுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. தண்ணீர் முழுதும் வெளியேறிய எஞ்சினில் டெம்பரேச்சர் முள் இறங்குவது ஏன்?

2. நான்கு மீட்டர்கள், ஒவ்வொன்றின் பல்பும் 3 வாட், மீட்டர் மின்னோட்டம் தலா 0.1 ஆம்ப்பியர். மொத்த மின்னோட்டம் என்ன? எந்தப் பியூஸ் தேர்ந்தெடுப்பீர்கள்?

3. ஹோஸ் இடைக்குழாயில் வைத்த சென்சாருக்குத் தனி எர்த் ஏன் தேவை?

4. உங்கள் வீட்டு வண்டியின் டேஷ்போர்டில் துளை போடாமல் மீட்டர் வைக்கத்தக்க இடங்களைப் படம் வரைந்து குறிக்கவும்.

விடைகளை வண்டியில் சரிபார்த்துக் கொள்ளுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி விட்டுத்தான்!